காற்றடிக்கும் பக்கத்திலிருந்து விதை எடுங்கள்

அஅலிஇ கன்று கேட்டு என் நாற்றங்காலுக்கு வருபவரிடம், விலை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் நிலம் தீவின் எந்தப் பக்கம், எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? பலருக்கும் இது வீண் கேள்வியாகத்தான் படும். எங்கே நட்டாலும் வரும் செடி என்று கேள்விப்பட்டுத்தானே வந்திருக்கிறார்கள்! அவர்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஹவாய்த் தீவுகளில் இந்தச் செடி கடலோர மணல்மேட்டில் நிற்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை இடுக்கில் நிற்கிறது. ஈரக்காட்டு ஓரத்தில் மரமாக நிற்கிறது. 7,700 அடி உயரத்தில் உறைபனி விழும் புதர்வெளியிலும் நிற்கிறது. இத்தனை வகை நிலத்தைத் தாங்கும் தீவுச் செடிகள் குறைவு.

ஆனால் எங்கும் வளர்வது இனம். நான் விற்பது ஒரு கன்று. அந்தக் கன்றுக்கு ஒரு தாய் உண்டு, தாய் வாழ்ந்த இடம் உண்டு. கடலோரத் தாயின் பிள்ளையை மலையுச்சிக்கு அனுப்பிவிட்டு, ‘கெட்டியான செடி என்றார்களே’ என்று வருந்துவதில் பயனில்லை. அஅலிஇ வளர்ப்பில் பாதி வேலை விதையை மண்ணில் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

தாவரவியலில் இதன் பெயர் டொடோனியா விஸ்கோஸா. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிளெமிஷ் மருத்துவர் ரெம்பர்ட் டொடோன்ஸ் என்பவரின் நினைவாக வைத்தது முதற்பாதி. இளம் இலைகளில் பிசுபிசுக்கும் பிசினைக் குறிப்பது பிற்பாதி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிய செடி இல்லை. கரட்டுக்காடுகளில், ஆடு மேய்த்தவர்கள் கால்போன இடமெல்லாம் பார்த்த விராலியேதான். முடக்கத்தானும் பூந்திக்கொட்டையும் சேர்ந்த குடும்பம். முடக்கத்தான் காயின் தாள் போன்ற தோலைத் தொட்டவர்களுக்கு விராலிக் காயும் அந்நியமாகத் தோன்றாது. இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு இறக்கைகளோடு சலசலக்கும் காய் அது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பேரினத்தின் வகைகள் மிகுதி. விஸ்கோஸா ஒன்று மட்டும் அங்கிருந்து உலகின் வெப்பநிலங்கள் முழுவதும் பரவியிருக்கிறது. ஹவாய்க்கு மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது வந்து நிலைத்துவிட்டது.

நான் இருப்பது ஹவாயின் பெருந்தீவின் வடபகுதியில், வைமேயா ஊருக்கு அருகே. ஏறக்குறைய 2,700 அடி உயரம். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்று மழையை எல்லாம் ஊரின் கிழக்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. ஊரைத் தாண்டி மேற்கே இறங்கினால் பச்சை மங்கி, மஞ்சளாகி, பத்து மைலில் கவாய்ஹாய் துறைமுகத்தை அடையும்போது வெறும் கரும்பாறையும் காய்ந்த புல்லும்தான். அங்கே ஆண்டு மழை பத்து அங்குலத்தை ஒட்டியது. இந்தப் பத்து மைலுக்குள் அஅலிஇ பல உருவங்களில் நிற்கும். ஈரப் பக்கத்தில் அகன்ற இலையும் நீண்ட கிளையுமாக ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகும். காற்று அறையும் வெளியில் இடுப்புயரத்தில் அடர்ந்து நிற்கும். கடலை நோக்கிய விளிம்பில் தரையோடு படர்ந்து கிடக்கும். இலை குறுகும், பிசின் தடிக்கும். இந்த வேறுபாட்டில் எவ்வளவு மண்ணும் காற்றும் செய்தது, எவ்வளவு பிறப்பிலேயே வந்தது என்பதை நாற்றங்காலில் பார்க்கலாம். எல்லா இடத்து விதையையும் ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே தண்ணீரில் வளர்த்தாலும் கன்றுகள் ஒரே மாதிரி வருவதில்லை. ஈரப் பக்கத்து விதை மளமளவென்று எழும்பும். கடலோர விதை தயங்கித் தயங்கிப் பக்கவாட்டில் கிளைக்கும்.

வாங்க வருபவர் கண்ணுக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உயரமாக, பளபளவென்று நிற்கும் கன்றைத்தான் கை முதலில் தொடும். வறண்ட சரிவில் நடுவதற்கு அந்தக் கன்று சரிப்படாது. முதல் கோடையில் அதன் பெரிய இலைகள் இழக்கும் நீரை அதன் வேரால் ஈடுகட்ட முடியாது. குள்ளமாகத் தோன்றும் கடலோரக் கன்று அதே கோடையில் ஒரு சுற்றுக்கூடப் பெருக்காமல் இருக்கும். ஆனால் உயிரோடு இருக்கும். நாற்றங்கால் அழகு வேறு, நிலத்தின் அழகு வேறு என்று நான் வருபவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆகவே விதை சேகரிப்புத்தான் என் தொழிலின் நடுநாயகம். நடப்போகும் இடத்துக்கு எவ்வளவு அருகில் விதை கிடைக்குமோ அவ்வளவு அருகில் தேடுவேன். கிடைக்காவிட்டால், தொலைவு கூடினாலும் உயரமும் மழையளவும் ஒத்துப்போகும் இடத்தைப் பார்ப்பேன். ஒரு கூட்டத்தில் செடிகள் நின்றால், காற்றடிக்கும் பக்கத்து விளிம்பில் நிற்பவற்றிலிருந்து தொடங்குவேன். உள்ளே பதுங்கியிருப்பவை மற்றவற்றின் தயவில் வளர்ந்தவையாக இருக்கலாம். விளிம்பில் நிற்பது சொந்தக் காலில் நிற்பது. அதோடு, ஒரே செடியிலிருந்து மூட்டையாக எடுக்க மாட்டேன். எத்தனை தாய்கள் கிடைக்கின்றனவோ அத்தனையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஒரே தாயின் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினால், ஒரு நோய்க்கோ ஒரு வறட்சிக்கோ எல்லாம் சேர்ந்து சாய்ந்துவிடும். அரசு வனநிலத்தில் விதை எடுப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும்; அதில் எழுதும் இடமும் தேதியும் உயரமும் பிறகு விதை உறையிலும், நாற்றுத்தட்டிலும், விற்கும்போது கன்றோடும் கூடவே போக வேண்டும். ஊர்பேர் தெரியாத அஅலிஇயை நான் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை.

ஊதா இலைக்காகக் கடைகளில் விற்கும் ஒரு வகையும் உண்டு. அது நியூசிலாந்துப் பக்கத்திலிருந்து தோட்டக்கலைக்குள் வந்தது. பார்க்க அழகு. ஆனால் இதன் மகரந்தத்தைச் சுமப்பது காற்று. காற்றுக்கு வேலி இல்லை. தோட்டத்தில் வைத்த வெளியூர் வகை, பக்கத்துச் சரிவில் நிற்கும் உள்ளூர்ச் செடிகளின் வித்தில் கலந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தச் சரிவோடு பழகிப் பழகிச் சேர்த்துவைத்ததை இப்படிக் கரைத்துவிடக்கூடாது என்பதால் உள்ளூர் நாற்றங்கால்காரர்கள் பலர் அதைத் தொடுவதில்லை.

காய் எப்போது பறிப்பது? மாலை தொடுப்பவர்களும் விதை எடுப்பவர்களும் இங்கேதான் பிரிகிறார்கள். காய்கள் சிவப்பாக, இளஞ்சிவப்பாக, மஞ்சளாக, சில செடிகளில் கருஞ்சிவப்பாகத் தகதகக்கும் நாட்கள் மாலைக்கானவை. விதைக்கு அந்த நிறம் மங்க வேண்டும். காய் பழுப்பேறி, தாளாகக் காய்ந்து, கையில் எடுத்தால் சலசலக்கும்போது ஒன்றைப் பிளந்து பார்ப்பேன். உள்ளே விதை கறுத்து, நகத்துக்கு அழுந்தாமல் இருந்தால் பறிக்கலாம். காகிதப் பையில் போட்டு நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து, முறத்தில் புடைத்தால் இறக்கைகள் பறந்துபோய், மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் தங்கும். நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

அப்படிக் கெடாமல் இருக்கும் அதே காரணத்தால்தான் விதை எளிதில் முளைப்பதுமில்லை. அதன் மேலோடு தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும். மற்றவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தூங்கும். காட்டில் அந்தத் தூக்கத்தைக் கலைப்பது வெயிலின் சூடு, சில சமயம் நெருப்பு. நாற்றங்காலில் நாம் வெந்நீரால் கலைக்கிறோம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கிய பிறகு விதை மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். காலையில் மிதப்பவை பொக்கு, அள்ளி எறிந்துவிடலாம். அடியில் கிடப்பவற்றில் ஊறிப் பருத்தவற்றை உடனே விதைக்க வேண்டும். பருக்காமல் அப்படியே கிடப்பவற்றுக்கு மறுபடியும் ஒரு முறை வெந்நீர். விதை கொஞ்சமாக இருந்தால் உப்புத்தாளில் ஒரு பக்கத்தை லேசாக உரசிவிட்டு ஊறவைப்பதும் உண்டு.

விதைக்கும் கலவையில் பாதிக்கு மேல் எரிமலைச் சரளை. இங்கே ‘சிண்டர்’ என்பார்கள். துளைகள் நிறைந்த, எடையில்லாத கல். தண்ணீரை ஊற்றினால் ஒரு நொடி பிடித்துவைத்து மீதியை விட்டுவிடும். உரம் மிகக் கொஞ்சம். விதையை அதன் பருமன் அளவுக்கு மூடினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் முதல் முளைகள் தலைகாட்டும். பின்தங்கியவை இன்னும் ஓரிரு மாதம் வரை வந்துகொண்டே இருக்கும். தட்டைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் பின்தங்கியவற்றை எறிந்துவிடக்கூடாது என்பது என் கட்சி. சேர்ந்து முளைப்பவை மட்டுமே வேண்டும் என்று வடிகட்டினால், தாமதித்து முளைக்கும் குணத்தையே நாம் வடிகட்டிவிடுகிறோம். மழை ஏமாற்றும் நாட்டில் அந்தக் குணம்தான் செடிக்குச் சேமிப்பு.

இரண்டு மெய்யிலைகள் வந்ததும் நீளமான குழாய்த் தொட்டிக்கு மாற்றுவேன். வேர் கீழே இறங்கத் துடிக்கும். ஆழமில்லாத தொட்டியில் அது அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் நிலத்தில் நட்ட பிறகும் தானாக நிமிராது. பிறகு நிழல்வலையை விட்டு வெளியே. முழு வெயில், முழுக் காற்று. தண்ணீரை நாளுக்கு நாள் குறைத்து, மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி ஊற்றுவது. அஅலிஇ தண்ணீர் இல்லாமல் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் நாற்றங்காலில் அதிகம். இலைகள் சிறுத்து, தண்டு கடினப்பட்டு, தொட்டால் விரலில் பிசின் ஒட்டினால் கன்று தயார்.

நடுவதற்கு மழைக்காலத் தொடக்கம் நல்லது. இந்தத் தீவுகளின் வறண்ட பக்கத்தில் நவம்பர் முதல். குழிக்குள் கொழுத்த எரு வேண்டாம். எருவிட்ட குழியை விட்டு வேர் வெளியே போகாது. புல்லை மட்டும் சுற்றிலும் ஒரு முழத்துக்கு ஒழித்துவிட்டு, கல்லாலும் காய்ந்த சருகாலும் மூடாக்கு. பாறையாக இருந்தால் பிளவைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் சிண்டர் கொட்டி அதில் வைப்பேன். முதல் கோடையில் இடைவெளி விட்டு ஆழமாகத் தண்ணீர். தினமும் தெளிப்பது கெடுதல். இரண்டாம் ஆண்டில் பெரும்பாலும் தண்ணீரே தேவைப்படாது.

கம்பு நட்டுக் கட்டுவது கூடாது. இதற்காக நான் வாடிக்கையாளர்களிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். வைமேயாக் காற்றில் சின்னக் கன்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டுவதைப் பார்க்க யாருக்கும் மனம் கேட்காது, கயிற்றோடு வந்துவிடுவார்கள். ஆடும் தண்டுதான் தூரில் தடிக்கிறது. ஆட்டம்தான் வேரை உறுதியாக ஊன்றச் செய்கிறது. கட்டிவைத்த கன்று உயரத்தில் எல்லாச் சத்தையும் போட்டு, கட்டை அவிழ்த்த அன்று சாயும். இந்தத் தீவின் தென்முனையில் இருக்கும் காஊ வட்டாரத்தினர் தங்களை இந்தச் செடியோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்: எந்தக் காற்றாலும் சாய்க்க முடியாத அஅலிஇ நாங்கள் என்பது அவர்கள் பழமொழியின் பொருள். காஊவில் பிறந்த அறிஞர் மேரி கவெனா புக்குவி தொகுத்து 1983-இல் வெளியான ஹவாய்ப் பழமொழி நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. காஊவின் வெளிகளில் நின்று பார்த்தவர்களுக்கு அதில் வீறாப்பைவிட அவதானிப்பே அதிகம் என்று தெரியும். அங்கே சாயாமல் நிற்கும் செடிகள் காற்று படாமல் வளர்ந்தவை அல்ல.

பழைய ஹவாய்க்காரர்கள் இந்த உறுதியைக் கையில் எடுத்துப் பயன்படுத்தினார்கள். கட்டை கனமானது, வைரம் கறுத்தது. வீட்டுக்குக் காலாகவும், ஈட்டியாகவும், மண் கிளறும் கோலாகவும் ஆனது. சிவந்த காய்களைக் காய்ச்சி, மரப்பட்டைத் துணியான காப்பாவுக்குச் சாயம் எடுத்தார்கள். ஹூலா நடனத்தின் தெய்வமான லாகாவுக்கு அமைக்கும் பீடத்தில் வைக்கும் செடிகளில் இதுவும் ஒன்று. இன்று பெரும்பாலான வீடுகளில் இதற்கு இடம் கிடைப்பது மாலைக்காகத்தான். பறித்த பிறகும் காய்களின் நிறம் நெடுநாள் நிற்பதால் தலைமாலைக்கும் தொப்பிமாலைக்கும் தேடித் தேடி வாங்குவார்கள்.

மாலைக்காக வளர்ப்பவர் அறிய வேண்டியது, ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனி என்பது. பூவில் இதழ் கிடையாது, பூத்திருப்பதே தெரியாது. பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று சொல்லவும் முடியாது. காய் என்ன நிறம் என்பது அதற்கும் பிறகே. போத்து நட்டால் எளிதில் வேர் பிடிப்பதில்லை. ஆக, நல்ல நிறமுள்ள ஒரு செடியைப் பார்த்து அதையே பெருக்கிவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. எனக்கு மாலை தொடுக்கக் கற்றுத்தந்த மூதாட்டி ஒருவர் உண்டு. இங்கே வயதில் மூத்த பெண்களை உறவில்லாவிட்டாலும் ஆன்ட்டி என்றே அழைப்போம். “எந்தச் செடி நல்ல சிவப்பு தரும், ஆன்ட்டி?” என்று கேட்டால் அவர் சிரிப்பார். “நெறய செடி வைப்பா. ஒண்ணுகிட்டயே எல்லாத்தையும் கேக்காதே.” அவர் தோட்டத்தில் காய்க்காத ஆண் செடிகளையும் வெட்டியதில்லை, காற்று வரும் திசையில் அவற்றுக்குத்தான் முதலிடம். பறிக்கும்போதும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து நகர்ந்துவிடுவார். விதை எடுக்கும் என் முறையும் அவர் கையிலிருந்து வந்ததுதான் என்று சொல்லலாம்.

கவாத்து விஷயத்தில் ஒன்றே ஒன்று. இதை வேலியாக வெட்டி நேர்த்தி செய்யலாம், தாங்கும். ஆனால் காய் பிடிப்பது கிளை நுனியில். வேலி நேராக இருக்க வேண்டுமா, காய் வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு கத்தரியை எடுக்க வேண்டும். நான் காய்ப்பு ஓய்ந்ததும் நுனியை மட்டும் கிள்ளிவிடுகிறேன்.

பூச்சித் தொல்லை என்றால் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும். அவை சிந்தும் தேனில் கரும்பூசணம் படர்ந்து இலை கரிபிடிக்கும். மருந்தைத் தேடுவதற்கு முன் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். ஹவாயில் பூர்விக எறும்பு இனம் ஒன்றுகூடக் கிடையாது. இங்குள்ளவை எல்லாம் மனிதரோடு வந்தவை. அவை இந்தப் பூச்சிகளைக் காவல் காத்துத் தேனைக் குடிக்கின்றன. எறும்பை நிறுத்திவிட்டு, சோப்புத் தண்ணீரால் இலையடியைக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காற்றோட்டமில்லாத மூலையில், சுவர் ஓரத்தில் வைத்த செடிக்கே இந்தத் தொல்லை அதிகம்.

இவ்வளவும் ஒரு செடியை வளர்க்கும் முறை. நான் இந்தச் செடியோடு கிடப்பதற்குக் காரணம் இதைவிடப் பெரியது.

தமிழ்நாட்டில் விராலிக்கு மதிப்பு இல்லை. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் இலையை வதக்கிக் கட்டுவார்கள், வேலிக்கு வெட்டுவார்கள். மற்றபடி அது ஆடு தின்னாத செடி. ஒரு குன்றில் அது மட்டும் மண்டியிருந்தால் அந்தக் காடு கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஹவாயிலும் அதே குணம்தான் அதைக் காப்பாற்றியது. இந்தத் தீவுகளில் மேய்ந்து தின்னும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. அதனால் இங்குள்ள பல செடிகளுக்கு முள்ளும் கசப்பும் தேவைப்படாமல் போயின. 1778-இல் கேப்டன் குக்கின் கப்பல் ஆடுகளை இறக்கியது. 1793-இல் கேப்டன் வான்கூவர் மாடுகளைக் கொண்டுவந்தார். காடுகளை அவை தின்று தீர்த்தபோது, பிசினும் கசப்பும் உள்ள அஅலிஇ தின்னப்படாமல் பல இடங்களில் எஞ்சியது. மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் புற்கள் மீதி இடத்தை மூடின. அந்தப் புல் காய்ந்தால் நெருப்பு. நெருப்புக்குப் பின் இன்னும் அதிகப் புல். 2021 ஜூலை இறுதியில் வைமேயாவுக்கு மேலே மவுனா கேயா மலைச்சரிவில் பிடித்த தீ 40,000 ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது.

கெட்ட நிலத்தில் எஞ்சி நிற்கும் செடி என்பதை இங்கே சிலர் வேறு விதமாகப் படித்தார்கள். கெட்ட நிலத்தில் நிற்க முடிந்தால், அங்கே மற்றவற்றுக்கு இடம் பிடித்துத் தரவும் அதனால் முடியும் அல்லவா? மவுயித் தீவில் ஹலேயாகலா மலையின் வறண்ட சரிவில் அவுவாஹி என்ற இடம். ஒரு காலத்தில் அரிய மரங்களின் காடு. பிறகு, நீலகிரிக்காரர்களுக்கும் தெரிந்த கிகுயு புல் பாய் விரித்த மேய்ச்சல் நிலம். முதிய மரங்கள் சில நின்றன. அவற்றின் விதை ஒன்றும் அந்தப் புல்லைத் துளைத்து எழ முடியவில்லை. உயிரியலாளர் ஆர்ட் மெடெய்ரோஸ் தலைமையில் 1997-இல் அங்கே பத்து ஏக்கரை வேலியிட்டார்கள். புல்லைக் கொன்று, காய்ந்த புல்லின் மீதே அஅலிஇ கன்றுகளை நெருக்கமாக நட்டார்கள். அவை கிளை கோத்து நிழல் விழுந்ததும் வெயில் இல்லாமல் புல் திரும்பி வரவில்லை. அந்த நிழலில், யாரும் நடாத மரக்கன்றுகள் தாமாக முளைக்கத் தொடங்கின. வேலி அதன் பிறகு பலமடங்கு விரிந்திருக்கிறது.

கஹோஓலாவே தீவின் கதை இன்னும் கடுமையானது. 1941 முதல் 1990 வரை அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகிய தீவு. அதற்கு முன்பே ஆடும் மாடும் அதை மொட்டையடித்திருந்தன. மேல்மண் காற்றில் பறந்துபோய் செங்கல்லாக இறுகிய தரையில், வெடிக்காத குண்டுகள் இன்னும் புதைந்து கிடப்பதால் நினைத்த இடத்தில் குழி தோண்டவும் முடியாது. அங்கேயும் தன்னார்வலர்கள் படகில் சுமந்துபோய் நடும் கன்றுகளில் அஅலிஇக்கு முன்வரிசை.

நெருப்பு விஷயத்திலும் இதற்கு ஒரு தனிப் பலம் உண்டு. மண்ணில் தூங்கும் விதைகளில் ஒரு பகுதியை வெப்பமே எழுப்பிவிடுவதால், எரிந்த நிலத்தில் தானாக மீண்டு வரும் சில பூர்விகச் செடிகளில் இது ஒன்று. சந்தனத்துக்கும் இது துணை. ஹவாய்ச் சந்தனமான இலியாஹியும் நம் சந்தனம் போலவே பக்கத்துச் செடியின் வேரில் கை வைத்துப் பிழைப்பது. நம்மூர் நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரை வைப்பதைப் போல, இலியாஹியோடு நான் அஅலிஇ வைக்கிறேன். சந்தனம் எடுத்துக்கொள்வதைக் கொடுத்துவிட்டுத் தானும் வளரும்.

இதனால் என் நாற்றங்காலின் கணக்கு மாறிவிட்டது. எத்தனை அஅலிஇ பிழைத்தது என்று எண்ணுவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு சரிவுக்குப் போனால் செடியைப் பார்ப்பதில்லை. குனிந்து அதன் அடியைப் பார்க்கிறேன். புல் மெலிந்திருக்கிறதா? சருகு சேர்ந்திருக்கிறதா? நான் கொண்டுவராத ஏதாவது முளைத்திருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வரும் இடங்களில், பெரும்பாலும், விதை எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் சரியாக இருக்கும். நிலத்துக்கு உரிய தாயின் பிள்ளை நிழல் தரும் அளவுக்கு நீடிக்கிறது. வெளியூர்க் கன்று பச்சையாக நின்றுவிட்டு, அடியில் எதுவும் வருவதற்குள் போய்விடுகிறது. இன்னொன்றும் நடக்கும். அஅலிஇ வெயில் விரும்பி. அது காத்து வளர்த்த மரங்கள் தலைக்கு மேல் போய்விட்டால் நிழலில் அது மெலிந்து விலகும். அந்த நேரத்தில் மரக்கிளையை வெட்டி அஅலிஇயைக் காப்பாற்ற நினைப்பது, நட்ட காரணத்தையே மறப்பது.

தமிழ்நாட்டில் கரட்டு நிலம் வைத்திருப்பவர்கள், குன்றைப் பசுமையாக்கப் புறப்படும் இளைஞர் குழுக்கள் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். எடுத்தவுடன் பெரிய மரக்கன்றுகளுக்குக் குழி வெட்டாதீர்கள். உங்கள் குன்றில், அல்லது அடுத்த குன்றில், விராலி நிச்சயம் எங்காவது நிற்கும். அது வெளிநாட்டுச் செடி அல்ல, உங்கள் மண்ணின் செடி, விலையும் கிடையாது, ஆடும் தொடாது. காற்றும் வெயிலும் படும் விளிம்பில் நிற்கும் பல செடிகளிலிருந்து காய்ந்த காய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வனத்துறை நிலமாக இருந்தால் அனுமதி கேளுங்கள். வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கன்று கைக்கு வரும்படி கணக்கிட்டு விதையுங்கள். நெருக்கமாக நடுங்கள், கட்டாதீர்கள், முதல் கோடையில் மட்டும் தண்ணீர் கொடுங்கள். அதன் நிழல் தரையில் விழத் தொடங்கிய பிறகு, அந்த நிழலில் வேம்பையோ உசிலையையோ வையுங்கள். அப்போதும் அந்த மரங்களின் விதை எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை விதை தேடுபவருக்கு அந்தக் குறிப்பேடுதான் வழிகாட்டும்.